பிரின்சஸ் லூயிஸ்: பிடுங்கிய தடுப்புகள் திரும்பி வந்த பப்

லண்டன் ஹோல்பார்ன் பாதாள ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து, ஹை ஹோல்பார்ன் சாலையில் மேற்கே சில நிமிடம் நடந்தால் 208ஆம் எண்ணில் ‘பிரின்சஸ் லூயிஸ்’ வரும். விக்டோரியா மகாராணியின் நான்காவது மகளின் பெயர் அது. வாசலைத் தாண்டியதும் பார் கண்ணில் படும் என்று நினைத்து நுழைந்தால் ஏமாந்துபோவோம். எதிரே இருப்பது குறுகலான ஒரு நடை. ஒரு கையோரம் சுவர், அதில் பெரிய பெரிய நிலைக்கண்ணாடிகளும் வண்ண ஓடுகளும். மறு கையோரம் மரச்சட்டத்தில் பூவேலை பொறித்த கண்ணாடி பதித்த தடுப்பு. காலுக்குக் கீழே மொசைக். தடுப்பில் அங்கங்கே திறப்புகள். ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து உள்ளே போனால்தான் கவுண்டர் கிடைக்கும். அதுவும் முழுக் கவுண்டர் அல்ல, உங்கள் பங்குக்கு உரிய சில அடி நீளம் மட்டும்.

கட்டிடம் 1872ஐச் சேர்ந்தது. உள்ளே காணும் அலங்காரம் 1891இல் செய்தது. ஆனால் இந்தத் தடுப்புகள் 2007-08இல் வைத்தவை. 1891இல் இருந்த தடுப்புகளை 20ஆம் நூற்றாண்டில் யாரோ பிடுங்கி எறிந்துவிட்டார்கள். பல காலம் இந்த இடம் ஒரே திறந்த கூடமாகத்தான் கிடந்தது. அப்புறம், கடையை நடத்தும் சாமுவேல் ஸ்மித் மதுவடிப்பு நிறுவனம் மறுபடி தடுப்புகளைக் கட்டி, இடத்தை அறை அறையாகப் பிரித்தது. மரபுக் கட்டிடங்களைப் பாதுகாக்கிறவர்களிடையே இப்படிச் செய்யலாமா கூடாதா என்பது பழைய சண்டை. பிரின்சஸ் லூயிஸ் அந்தச் சண்டைக்கு நல்ல உதாரணம் என்பதால்தான் இந்த ஆய்வு.

1891இல் செய்த வேலை

மறுவடிவமைப்பைச் செய்த கட்டிடக் கலைஞர் ஆர்தர் சிட்டி. ஓட்டு வேலை டபிள்யூ. பி. சிம்ப்சன் அண்ட் சன்ஸ், கண்ணாடி வேலை கென்னிங்டன் சாலையில் இருந்த ஆர். மோரிஸ் அண்ட் சன், மரவேலை டபிள்யூ. எச். லாசெல்ஸ். ஒரு குடிக்கடைக்கு இத்தனை பேரா என்று கேட்கலாம். அன்றைய லண்டனில் இது சாதாரணம். 1890களில் பப் வியாபாரம் கொழுத்தது. கடைகளின் விலை ஏறிக்கொண்டே போனது, போட்டி போட்டுக்கொண்டு பணத்தைக் கொட்டினார்கள். 1899 வாக்கில் அந்தக் குமிழி உடைந்து பலர் திவாலானார்கள். நாம் இன்று ‘விக்டோரிய பப்’ என்று சொல்லும் தோற்றத்தில் பெரும்பங்கு அந்தப் பத்து வருடக் கடன் பணத்தில் முளைத்ததுதான்.

சுவரில் ஏன் ஓடு? அழகு ஒரு காரணம் மட்டுமே. எரிவாயு விளக்கின் கரி, புகையிலைப் புகை, ஈரக் கோட்டு, சிந்திய பீர் எல்லாம் ஒன்றாகச் சேரும் இடம் இது. சுண்ணாம்புச் சுவர் ஆறு மாதம் தாங்காது. மெருகேறிய ஓட்டை ஈரத்துணியால் துடைத்தால் போதும். கண்ணாடிகளும் அப்படித்தான், மங்கலான எரிவாயு வெளிச்சத்தை இரண்டு மூன்று மடங்காக்கிக் காட்டும் கருவிகள் அவை. ஒடுக்கமான லண்டன் மனையில் பக்கச் சுவரில் ஜன்னல் வைக்க முடியாது. அந்தக் குறையைக் கண்ணாடி மறைத்தது.

பொறித்த கண்ணாடியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பூவும் கொடியுமாகத் தெரியும் அந்த வெண்பனி வேலையை யாரும் உளியால் செதுக்கவில்லை. தட்டைக் கண்ணாடியில் அரிக்கக் கூடாத இடங்களில் எல்லாம் கருப்பு வார்னிஷைத் தூரிகையால் தீட்டுவார்கள். சுற்றி மெழுகால் வரப்பு கட்டி, ஹைட்ரோஃப்ளோரிக் அமிலத்தை ஊற்றுவார்கள். வார்னிஷ் இல்லாத இடத்தை அமிலம் தின்னும். அமிலத்தை எந்தக் கலவையில் ஊற்றுகிறோம் என்பதைப் பொறுத்து அந்த இடம் பளிங்காகத் தெளியும், அல்லது பால்போல் வெளுக்கும். தெளிவு, வெளுப்பு, அரை வெளுப்பு என்று மூன்று நான்கு சாயல் வேண்டுமென்றால், திரும்பத் திரும்ப வார்னிஷ் தடவி அமிலம் ஊற்ற வேண்டும். நட்சத்திரம் போல வெட்டு விழுந்து மின்னுகிற இடங்கள் தனி வேலை, சுழலும் கல் சக்கரத்தில் கண்ணாடியை அழுத்திப் பிடித்து வெட்டியவை. அமிலத்தின் ஆவி நுரையீரலைப் பதம் பார்க்கும். எலும்பு வரை போகிற அமிலம் அது.

இந்தக் கண்ணாடி எதற்கு என்பதுதான் முக்கியம். வெளிச்சம் போகும், முகம் போகாது. தடுப்பின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருப்பவர்கள் ஒருவரை ஒருவர் நிழலாக மட்டுமே பார்ப்பார்கள். தடுப்பு கூரை வரை ஏறாது. தலைக்கு மேலே எல்லா அறைக்கும் ஒரே காற்று, ஒரே இரைச்சல், ஒரே கூரை. அதற்குக் கீழே மட்டும் தனித்தனி உலகம்.

ஒரு கடைக்குள் பல கடை

‘பப்ளிக் ஹவுஸ்’ என்ற பெயரிலேயே வீடு இருக்கிறது. பொதுமக்கள் வந்து குடிக்க அனுமதி பெற்ற வீடு. பழைய விடுதிகளில் கவுண்டர் என்று ஒன்று கிடையாது. நிலவறையிலிருந்து குடுவையில் பீரை எடுத்துவந்து மேசைக்கே கொடுப்பார்கள். 1825இல் ஜின் மீதான வரி குறைந்ததும் நகரங்களில் ஜின் கடைகள் பெருகின. அவை துணிக்கடை, மருந்துக்கடை பாணியில் கவுண்டர் வைத்தன. வந்தாயா, நின்றாயா, குடித்தாயா, கிளம்பு. 1830இல் பீர்க்கடைச் சட்டம் வந்தது. வரி கட்டும் வீட்டுக்காரர் யாரும் 2 கினி (அன்றைய பிரிட்டிஷ் பணம்) கட்டி பீர் விற்கும் உரிமம் வாங்கலாம் என்றானது. தெருவுக்குத் தெரு கடை முளைத்ததும், இருந்த கடைகள் தங்களைத் தனித்துக் காட்டப் பளபளப்பில் இறங்கின.

கவுண்டர் வந்த பிறகு எழுந்த கேள்வி, அதன் முன்னால் யார் நிற்பது என்பது. ஹோல்பார்னையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் லிங்கன்ஸ் இன், வக்கீல்களும் குமாஸ்தாக்களும். இன்னொரு பக்கம் செயின்ட் ஜைல்ஸ், டிரூரி லேன், லண்டனின் பேர்போன சேரிகள். கோவன்ட் கார்டன் சந்தையும் கூப்பிடு தூரம்தான். மூட்டை தூக்குபவரும் வக்கீல் குமாஸ்தாவும் ஒரே கடைக்கு வரலாம், ஆனால் தோளோடு தோள் நிற்க மாட்டார்கள். அன்றைய இங்கிலாந்து அப்படி. எனவே ‘பப்ளிக் பார்’ ஒன்று, ‘பிரைவேட் பார்’ ஒன்று, ‘சலூன் பார்’ ஒன்று என்று பிரித்தார்கள். பப்ளிக் பாரில் விலை குறைவு, தரையில் மரத்தூள், உட்கார வெறும் பலகை. சலூனில் விலை கூட, மெத்தை கூட. பீர் ஒரே பீப்பாயில் இருந்துதான் வரும்.

‘ஜக் அண்ட் பாட்டில்’ என்று ஒரு சின்னப் பொந்தும் இருக்கும். வீட்டுக்கு வாங்கிப் போகிறவர்களுக்கானது. அப்பாவுக்கு பீர் வாங்க ஜாடியோடு பிள்ளைகளை அனுப்புவது வழக்கமாக இருந்தது. வழியில் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு வருவது பிள்ளைகளின் வழக்கம். 1901இல் சட்டம் போட்டு, 14 வயதுக்கு உட்பட்டவர்களிடம் மூடி முத்திரை வைத்த பாத்திரத்தில் மட்டுமே கொடுக்கலாம் என்றார்கள்.

இத்தனை பிரிவுக்கும் நடுவில் தீவு போல ஒரு கவுண்டர். பிரின்சஸ் லூயிஸில் நீங்கள் இன்றும் பார்ப்பது இதைத்தான். நடுவில் பரிமாறுபவர்கள், சுற்றிலும் கவுண்டரை வெளிவிளிம்பாகக் கொண்ட அறைகள், அறைகளுக்கு வெளியே சுவரோரமாக நடை. குடிக்க வந்தவர்களுக்குத் தனித்தனிக் கடை, முதலாளிக்கு ஒரே கடை. உள்ளே நிற்கும் இரண்டு மூன்று பேர் எல்லாப் பக்கமும் திரும்பி ஊற்றிக் கொடுக்கலாம், எல்லோர் மேலும் கண் வைக்கலாம். இந்த அமைப்பில் ஒரே ஓர் ஆளுக்குத்தான் கடை முழுவதும் தெரியும். அவர் கவுண்டருக்கு உள்ளே இருப்பவர்.

அதையும் சிலர் விரும்பவில்லை. லாம்ஸ் காண்டிட் தெருவில் உள்ள ‘தி லாம்ப்’ பப்பில் கவுண்டர் மேல் கண் மட்டத்தில் சின்னச் சின்னச் சுழல் கண்ணாடிகள் இன்னும் இருக்கின்றன. ‘ஸ்நாப் ஸ்கிரீன்’ என்பது அவற்றின் பெயர். மூடிக்கொண்டால் பரிமாறுகிறவருக்கும் உங்கள் முகம் தெரியாது, கை மட்டும் தெரியும். மெய்டா வேலில் ‘பிரின்ஸ் ஆல்பிரட்’ என்று ஒரு பப். அதன் தடுப்புகளில் இடுப்பளவு உயரத்துக்குச் சிறு கதவுகள் உண்டு. ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போக வேண்டுமானால் இன்றும் குனிந்து நுழைய வேண்டும்.

ஏன் பிடுங்கினார்கள்

யாரோ ரசனை கெட்டவர்கள் செய்த காரியம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். உண்மை வேறு. உரிமம் கொடுக்கும் நீதிபதிகளுக்கு இந்த மூலை முடுக்கு அறைகள் ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. மூடிய இடத்தில் என்ன நடக்கிறதோ, யார் அளவு மீறிக் குடிக்கிறார்களோ, எப்படித் தெரியும்? முதல் உலகப் போரில் இந்தச் சிந்தனை அரசாங்கக் கொள்கையாகவே மாறியது. வெடிமருந்துத் தொழிலாளர்கள் குவிந்திருந்த கார்லைல் வட்டாரத்தில் 1916இல் அரசு பப்களைத் தானே எடுத்து நடத்தியது. தடுப்புகளை நீக்கி, காற்றும் வெளிச்சமுமாக, உட்கார்ந்து சாப்பிடும் இடமாக அவற்றை மாற்றினார்கள். ‘திருந்திய பப்’ என்ற கருத்து அங்கிருந்து நாடு முழுக்கப் பரவியது.

இரண்டாம் போருக்குப் பிறகு வேறு காரணங்கள் வந்து சேர்ந்தன. ஒரே பீருக்கு அறைக்கு ஒரு விலை என்பது கூச்சமான விஷயமாகிவிட்டது. சம்பளம் ஏறியது, ஆள் குறைக்க வேண்டியிருந்தது. கூட்டம் வந்தால் திறந்த கூடத்தில் நிறைய பேரை அடைக்கலாம். 1960, 70களில் பெரிய மதுவடிப்பு நிறுவனங்கள் நாடெங்கும் சுவர்களைத் தட்டித் தள்ளி ஒரே கூடமாக்கின. வர்க்க பேதம் ஒழிந்தது என்று மகிழ்ந்தவர்களும் உண்டு. அதில் நியாயமும் உண்டு.

பிரின்சஸ் லூயிஸில் தடுப்பு போன பிறகும் ஓடும் கண்ணாடியும் கவுண்டரும் தப்பித்தன. கட்டிடத்துக்கு, மரபுக் கட்டிடங்களின் அரசுப் பட்டியலில் சாதாரண இரண்டாம் தரத்துக்கு ஒரு படி மேலான ‘கிரேடு 2 ஸ்டார்’ பாதுகாப்பு இருக்கிறது. பட்டியலில் உள்ள கட்டிடங்களில் ஏறக்குறைய 6 சதவீதத்துக்குத்தான் அந்த இடம். கீழ்த்தளத்தில் உள்ள ஆண்கள் கழிப்பறை தனியாகப் பட்டியலிடப்பட்டது என்று சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வார்கள். ஜே. டைலர் அண்ட் சன்ஸ் செய்த பளிங்குச் சிறுநீர்க் கலங்கள் பார்க்க வேண்டியவைதான், மறுக்கவில்லை. ஆனால் பட்டியல் என்பது கட்டிடம் முழுமைக்குமானது, கழிப்பறைக்கென்று தனிச் சான்றிதழ் யாரும் தருவதில்லை.

தடுப்புகள் திரும்பி வருவதற்கு முன்பும் இந்த இடம் சும்மா இருக்கவில்லை. 1950களின் இறுதியில் இதன் மாடியில்தான் இவான் மக்கால் நடத்திய ‘பாலட்ஸ் அண்ட் ப்ளூஸ்’ நாட்டுப்புறப் பாட்டு மன்றம் கூடியது. ஆங்கில நாட்டுப்புறப் பாடலின் மறுமலர்ச்சியில் அதற்கு ஓர் இடம் உண்டு. இப்போதைய நிர்வாகம் 2004 முதல் தன் பப்களில் இசையையே நிறுத்திவிட்டது. 2019இல் கைபேசிக்கும் தடை. ஒரே கட்டிடம்!

திரும்பக் கட்டியது சரியா

எதிர்ப்பவர்களின் வாதத்தை முதலில் வைக்கிறேன், ஏனென்றால் அது பலமான வாதம். வடிவமைப்பாளரும் எழுத்தாளருமான வில்லியம் மோரிஸ் 1877இல் பழங்கட்டிடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கியதே ‘புதுப்பிக்கிறோம்’ என்ற பெயரில் நடந்த அழிவைத் தடுக்கத்தான். இருப்பதைக் காப்பாற்று, போனதைப் போலி செய்யாதே என்பது அந்தச் சங்கத்தின் அடிப்படை. அந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால், 2008இன் தச்சர் 1891இன் தச்சராக வேஷம் போடுவது பொய். தடுப்பு இல்லாமல் கழிந்த ஆண்டுகளும் இந்தக் கட்டிடத்தின் வரலாறுதான், அதை அழிக்க யாருக்கு உரிமை? இன்னொன்றும் கேட்கலாம். விலை வித்தியாசம் போய்விட்டது, வர்க்க வித்தியாசம் அந்த வடிவில் இல்லை. எல்லா அறையிலும் ஒரே பீர், ஒரே விலை. அப்படியானால் தடுப்பு வெறும் மேடை அலங்காரம்தானே?

இந்த இடத்தில் நான் மோரிஸ் கட்சியில் இல்லை. காரணம் சுவர்தான். பக்கச் சுவரின் கண்ணாடிகளையும் ஓட்டுப் பலகைகளையும் கவனியுங்கள். ஓட்டில் உள்ள சாடியும் கொடியும் அத்தனை நுணுக்கமாக, அத்தனை நெருக்கமாக இருக்கின்றன. திறந்த கூடத்தின் மறுமுனையிலிருந்து பார்த்தால் அவை ஒரு கலங்கலான பழுப்புப் பச்சைப் பட்டையாகத்தான் தெரியும். நடையில் ஓரடி தூரத்தில் உரசிக்கொண்டு போகிறவருக்குத்தான் ஒவ்வொன்றும் விளங்கும். நிலைக்கண்ணாடிக்கு எதிரே பொறித்த கண்ணாடித் தடுப்பு வந்து நின்றதும், நடை முழுக்க ஒன்றில் ஒன்று பிரதிபலித்து அகலம் கூடிவிடுகிறது. இந்த அலங்காரம் சிறிய இடங்களுக்காக அளவெடுத்துச் செய்தது. இடத்தை அகற்றி அலங்காரத்தை மட்டும் காப்பாற்றியது, வீணையிலிருந்து தந்தியைக் கழற்றிவிட்டுக் குடத்துக்கு மெருகு போட்ட கதைதான்.

பப்பைப் பொறுத்தவரை கட்டிடக்கலை என்பது முதலில் தரைப்படம், அப்புறம்தான் ஓடும் பூவும். யார் எந்த வாசலில் நுழைந்தார், யாரை யார் பார்க்க முடிந்தது, யார் முகத்தை யார் மறைத்துக்கொண்டார் என்பதெல்லாம் தரைப்படத்தில் இருக்கிறது. லண்டனில் அசல் தடுப்புகளோடு தப்பிய பப்கள் மிகக் குறைவு. ஆக்ஸ்போர்டு சர்க்கஸ் அருகே ‘ஆர்கைல் ஆர்ம்ஸ்’ ஒன்று, மேலே சொன்ன பிரின்ஸ் ஆல்பிரட் ஒன்று, மேரிலபோனில் கவுண்டரை ஒட்டி இரண்டு மரக்கூண்டுகள் வைத்திருக்கும் ‘பார்லி மோ’ ஒன்று. அசல் இவ்வளவு அரிதாகிவிட்ட நிலையில், சுற்றிலும் அசல் சுவரும் கவுண்டரும் இருக்கும் ஓர் இடத்தில் விடுபட்ட வாக்கியத்தை எழுதிச் சேர்ப்பது எனக்குத் தவறாகப் படவில்லை.

வேறு விதமாகக் காப்பாற்றியதற்கு வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் உள்ள ‘கிரவுன் லிக்கர் சலூன்’ பப் உதாரணம். அங்கே தடுப்புகளைத் திரும்ப நட வேண்டிய தேவை வரவில்லை. 1978இல், மரபு இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு அதை வாங்கியது. அதற்குக் கவிஞர் ஜான் பெட்ஜமனின் வற்புறுத்தல் ஒரு காரணம். எதிரே உள்ள யூரோப்பா ஹோட்டல் வட அயர்லாந்துக் கலவர காலத்தில் திரும்பத் திரும்ப வெடிகுண்டுக்கு ஆளானது. அதன் அதிர்வில் கிரவுனும் அடிபட்டது. ஆனாலும் ஏ முதல் ஜே வரை எழுத்திட்ட 10 மரக்கூண்டுகளும் இன்றும் இருக்கின்றன. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே மணியை அழுத்தினால் ஆள் வருவார். தீக்குச்சி உரச உலோகத் தகடும் உண்டு. ஒப்பிட்டுப் பார்த்தால் ஒரு வேறுபாடு புரியும். கிரவுனின் கூண்டுகள் கவுண்டரை விட்டு விலகி, எதிர்ச் சுவரோரம் இருக்கின்றன. அவை ஒளிந்துகொள்ளும் இடங்கள். பிரின்சஸ் லூயிஸின் அறைகள் கவுண்டரையே பங்கு போட்டுக்கொள்கின்றன. அங்கே ஒளிவது பக்கத்து அறைக்காரரிடமிருந்து மட்டும்தான்.

பயன்பாட்டில்

தடுப்பு திரும்பி வந்த காலம் இன்னொரு வகையிலும் பொருந்தியது. 2007 ஜூலை 1 அன்று இங்கிலாந்தில் பொது இடங்களுக்குள் புகைப்பது தடையானது. சின்ன அறைகளைக் காலி செய்ய ஒரு காலத்தில் சொன்ன காரணங்களில் ஒன்று புகை அடைப்பு. அந்தக் காரணம் அந்த நாளோடு முடிந்தது.

சிக்கல்களும் உண்டு. சக்கர நாற்காலியில் வருகிறவருக்கு இந்த நடை வசதியானதல்ல. எட்டுப் பேராகச் சேர்ந்து வருகிற அலுவலகக் கூட்டத்துக்கு ஓர் அறை போதாது. வெள்ளிக்கிழமை மாலையில் கவுண்டர் காலியாக இருக்கும் அறை எது என்று தெரியாமல் நடையில் முன்னும் பின்னும் அலைவார்கள். திறந்த கூடத்தில் இந்தத் தொல்லை இல்லை, ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

ஆனால் வார நாள் மதியத்தில் இடம் வேறு மாதிரி. ஓர் அறையில் இரண்டு பேர் உட்கார்ந்தாலே அறை நிறைந்த மாதிரி இருக்கும். கடை காலி என்ற உணர்வே வராது. இசை இல்லை, தொலைக்காட்சி இல்லை. கவுண்டரில் சாய்ந்து நின்றால், நடுவில் உள்ள அலமாரியின் கண்ணாடிகளுக்கும் தொங்கும் கோப்பைகளுக்கும் இடையே எதிர்ப்பக்கத்து அறை ஒரு துண்டாகத் தெரியும். அங்கே ஒரு கை பீர்க் கோப்பையைத் தள்ளி வைக்கும், இன்னொரு கை சில்லறையை எடுக்கும். அந்தக் கைக்காரரைப் பார்க்க வேண்டுமானால் உங்கள் அறையை விட்டு நடைக்கு வந்து, கடையைச் சுற்றிக்கொண்டு போய், வேறொரு திறப்பில் நுழைய வேண்டும். அதற்குள் உங்கள் இடத்தை வேறு யாராவது பிடித்திருப்பார்கள்.